பொடிக் கட்டம்

திரையில் இருந்த சார்ஜர் போர்டின் படம் முழுக்கப் பச்சை. சூட்டைக் காட்டும் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

“பாத்துக்கோங்க சார். தயாரிக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல சூடு ஏத்திப் பாத்தாச்சு. எங்க போர்டு தீப்பிடிக்காது” என்றார் மேனேஜர் வசந்தகுமார். “அந்தப் பொண்ணுதான் போர்டுங்கள இடைவெளி விடாம அடுக்கிக்கினு இருந்திருக்கு. பாவம், இன்னா பண்றது?”

தீ விபத்தை விசாரிக்க வந்திருந்த அதிகாரி தசரதன் குறிப்பேட்டைத் திறந்தார். ஒரகடத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், சார்ஜர் போர்டுகளைச் சூட்டில் ஓடவிட்டுச் சோதிக்கும் அறை போன வாரம் எரிந்திருந்தது. உள்ளே வேலையில் இருந்த இசக்கிசெல்வி வெளியே வரவில்லை.

பச்சைப் படத்தைப் போட்டுக் கொடுத்த நயினார், மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் கேட்டருகே இசக்கிசெல்வியின் அப்பா பிச்சையா அவனை மறித்திருந்தார். “தம்பி, நீங்க நம்ம ஊர்ப்பக்கமாமே. எம் புள்ள தப்பா அடுக்கிட்டாளாம், அவளாலதான் தீயாம். செத்தவ மேல பழி போடுதாவ. உள்ள ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா.”

“சரிய்யா” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

“போர்டு ஒரே துண்டா, அடுக்கா?” என்று கேட்டார் தசரதன்.

“அடுக்கு சார். செம்பு, பிசின், திரும்பச் செம்பு. ஒவ்வொண்ணும் காகிதம் கணக்கா இருக்கும்” என்றான் நயினார்.

“கம்ப்யூட்டர்ல சூட்டைக் கணக்குப் போட இத எப்படிப் பிரிச்சீங்க? காட்டுங்க.”

நயினார் தயங்கினான். “காட்டுப்பா, நம்மகிட்ட மறைக்க இன்னா இருக்கு?” என்றார் வசந்தகுமார். நயினார் இன்னொரு படத்தைத் திறந்தான். போர்டு முழுக்க வலை விரித்ததுபோல் கட்டங்கள்.

இதுவரை அவன் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. குரல் கொஞ்சம் தெளிந்தது. “எல்லா இடத்தையும் பொடியாப் பிரிச்சா கம்ப்யூட்டர் தாங்காது சார். முதல்ல எல்லாத்தையும் பெரிய கட்டமாப் போட்டு ஓட்டுவோம். எங்க சூடு கூடுதோ, அந்த இடத்தை மட்டும் பொடியாப் பிரிச்சு மறுபடி ஓட்டுவோம். பெரிய கட்டத்துல சூடு பரவிக் கம்மியாத் தெரியும். பொடிக் கட்டத்துலதான் உள்ளபடி தெரியும்.”

“பாத்தீங்களா சார், பசங்க எவ்ளோ கவனமா வேல செய்றாங்க!” வசந்தகுமார் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

தசரதன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். போர்டில் ஒரே மாதிரி நான்கு சிப்புகள். மூன்றின் அடியில் வயல் வயலாகப் பெரிய கட்டங்கள். நான்காவதின் அடியில் மட்டும் கொசுவலை நெருக்கம்.

“இந்த ஒண்ண மட்டும்தான் பொடியாப் பிரிச்சிருக்கீங்க, இல்ல?”

“ஆமா சார்” என்றான் நயினார்.

சொன்ன பிறகுதான் அவசரமாக அந்தப் படத்தை மூடப் போனான்.

தசரதன் நிமிர்ந்தார். “அப்ப, சூடு கூடினதாலதான இத மட்டும் பிரிச்சீங்க? சிவப்பா வந்த முதல் படம் எங்க தம்பி?”