ஜெமீலின் ரோட்டில் இன்னொரு குரல்

“நாலு கிழமைக்குக் கத்தப்படாது காக்கா. மெல்லமாக் கதைக்கலாம், அவ்வளவுதான்” என்றார் நஜ்லா மிஸ்.

பேச்சுச் சிகிச்சை அறையில், ஸ்ட்ரோவைத் தண்ணீர்க் கிளாசுக்குள் விட்டு “ஊ...” என்று ஊதிக்கொண்டிருந்த ஜெமீல் தலையைத் தூக்கினார்.

“மீன் விக்கிறவன் கத்தாம எப்பிடி மிஸ்?” குரல் கரகரத்தது.

“உள்ளங்கையில காய்ப்பு விழுற மாதிரி உங்கட குரல் நாண்ல விழுந்திரிக்கி. கத்தினா இரிக்கிற குரலும் போயிரும். ம்... ஊதுங்க.”

திறந்த கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். பத்திநாதர்! பக்கத்து ரோட்டில் மீன் விற்பவர். திக்கிப் பேசும் மகளைக் காட்ட வந்து, வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன காக்கா, சர்பத் இனிக்குதா?”

ஜெமீலுக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபது வருஷமாக ஒருவர் ரோட்டில் மற்றவர் மீன் விற்றதில்லை. குரல் போன பிறகு அந்த ரோட்டை யார் மதிப்பார்?

மறுநாள் மோட்டார் சைக்கிளில் பாட்டு ஹோர்ன் பூட்டிக்கொண்டு தன் ரோட்டுக்குப் போனார். ஒரு வாசலிலிருந்து ஸம்ஸியா ஓடி வந்தாள்.

“ரெண்டு மீன் பணிஸ் தாங்க.”

“மீன் மட்டுந்தான் இரிக்கி தங்கச்சி.”

“அல்லாஹ்! பாட்டக் கேட்டு நான் பேக்கரிப் பாண்காரன் எண்டுல்ல நினைச்சன்!”

மற்ற வாசல்கள் திறக்கவேயில்லை. அன்றும் மறுநாளும் அரைப்பெட்டி மீன் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை. ஜெமீல் தன் ரோட்டுக்குள் திரும்பினார். கடைசி வளைவுக்கு அப்பால் மைக் கட்டியது போல ஒரு குரல்.

“மீனோ... மீன்!”

பத்திநாதர்! ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மீன் விற்பதே இல்லை, மாதா கோயில் நாள். ‘பூசையையும் விட்டுப்போட்டு என்ட ரோட்டப் பிடிக்க வந்திட்டானே!’

“அடேய்” என்ற சொல் தொண்டை வரை வந்தது. மிஸ்ஸின் முகம் நினைவுக்கு வர, அதை விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்கினார்.

வாசலுக்கு வாசல் பெண்கள் சட்டியோடு நின்றார்கள். ஸம்ஸியா குறுக்கே வந்து மறித்தாள்.

“எனக்குத்தான் முதல்ல! சூரை ஒரு கிலோ.”

“ஏன், அவன்ட்ட வாங்கல்லயா?”

“அவர்ட்ட எங்க காக்கா மீன்? அந்தா வாறார், பாருங்க.”

ஜெமீல் பார்த்தார். கோயிலுக்குப் போகப் போட்ட வெள்ளைச் சேட். சைக்கிளின் பின்னால் மீன் பெட்டி இருக்கும் இடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட மகள் உட்கார்ந்திருந்தாள்.

“கெதியா வாங்க காக்கா! பூசைக்கு முதல் அடுத்த ஒழுங்கைக்கும் சொல்லிப்போட்டுப் போகணும்.”

ஜெமீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“உஸ்! கத்தப்படாது எண்டு மிஸ் சொன்னவ” என்ற பத்திநாதர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தொண்டை கிழியக் கூவினார்:

“ஜெமீல் காக்காட மீன் வருதோய்! சட்டிய எடுங்கோ!”