உதிரியாக நிற்க ஆசைப்பட்ட சோறு

போர்த்துகல் நாட்டு முறையில் சமைத்த இறால் சோறு, சாறு ததும்ப, சட்டியோடு மேசைக்கு வந்தது. சோற்றுக்கு மட்டும் மனக்குறை.

"பிரியாணி மாதிரி நானும் உதிரி உதிரியா நிக்கணும். இந்தச் சாறு முழுக்கக் குடிச்சிடப் போறேன்," என்றது.

"வேண்டாம்பா! சாறு வத்திப் போனா நான் ரப்பராயிடுவேன்," என்று இறால் பதறியது.

"ஆமென் சொல்லாம இந்த வீட்டுல யாரும் கரண்டியைத் தொட மாட்டாங்க. பிலோமினாம்மாவுக்கு நாலு பிள்ளைங்க, ஏழு பேரப்பிள்ளைங்க. ஒவ்வொருத்தர் பேராச் சொல்லி ஜெபிக்கிறதுக்குள்ள குடிச்சு முடிச்சிடுவேன்," என்றது சோறு.

"அதையும் பார்ப்போம் மாப்ளே," என்று சட்டி சிரித்து, மூடியைச் சற்றே தூக்கியது. பூண்டும் தக்காளியும் கொத்தமல்லியும் ஒன்றாக மணத்தன.

இரண்டாவது மகன் பெயரோடு ஜெபம் நின்றது. அம்மா மூச்சை ஆழமாக இழுத்தார்.

"ஆண்டவரே, மத்தவங்களையும் உமக்குத் தெரியும். ஆமென்."

"ரெண்டாவது பையனோடயே முடிச்சிட்டாங்களே!" என்று புலம்பிய சோற்றை, கழுத்தளவு சாற்றோடு அள்ளியது கரண்டி.