“பாத்தேன்ம்மா, நல்லா இருக்கு”

“இந்த லோக்கல்ஹோஸ்ட் லிங்க்கை வீட்டுக்கு அனுப்பி வெச்ச புண்ணியவான் யாருப்பா? ஒவ்வொரு பேட்ச்லயும் ஒருத்தர் இருப்பாங்க, கையைத் தூக்குங்க!”

விரிவுரையாளர் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

மூன்றாவது வரிசையில் மருந்துக்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா என்று கூப்பிடுவது அந்தப் பிள்ளைகளின் பெருந்தன்மை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. மற்ற இருபத்திரண்டு பேரும் ஜோடி ஜோடியாகப் புராஜெக்ட் செய்ய, ஒற்றையாக மிஞ்சியவள் அவள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்து அட்வான்ஸ்டு வெப் டெவலப்மென்ட் படிக்கிறது.

விரிவுரையாளர் விளக்கினார். அந்த முகவரி அவரவர் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் வேலை செய்யுமாம். வேறு யார் தட்டினாலும் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடுமாம். வெளியே ஒரு சர்வரில் ஏற்றாத வரைக்கும் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்க முடியாதாம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூன்று வாரத்துக்கு முன், இதே போல ஒரு சனிக்கிழமை, மகளுக்கு அவள் அனுப்பியது அந்த லிங்க்கைத்தான்.

பேருக்குத்தான் புராஜெக்ட். உண்மையில் அது ஒரே ஒரு ஆளுக்காகக் கட்டிய பக்கம். பதினாறு வருஷமாகத் தொண்டையிலேயே நின்றுவிட்ட ஒரு விஷயத்தை அதில் எழுதியிருந்தாள். பூசி மெழுகவில்லை. ‘உனக்கு நான் ஒரு துரோகம் செய்தேன்’ என்று முதல் வரியிலேயே போட்டு உடைத்திருந்தாள்.

அடியில் ஒரே ஒரு பொத்தான். ‘இனியும் அம்மாவோடு பேசுவேன்.’

மகள் அதை அழுத்தினால் அம்மாவின் லேப்டாப்பில் ஒரு வரி பதிவாகும். அந்த ஒரு வரியை விழவைக்கக் கற்றுக்கொள்வதற்குள் நாலு சனிக்கிழமை போயிற்று, உயிரும் பாதி போயிற்று.

மகள் அன்று சாயங்காலமே பதில் போட்டாள். “பாத்தேன்ம்மா, நல்லா இருக்கு.”

நல்லா இருக்கா? எதுடி நல்லா இருக்கு? பெற்றவள் இப்படியொரு காரியத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள், படித்துவிட்டுச் சொல்கிற பதிலா இது?

வரியும் விழவில்லை. பொத்தானை அவள் தொடவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல மகளிடமிருந்து போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவாளே என்று பயம். அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. ‘வேலையா இருக்கேன்’ என்று மெசேஜ் மட்டும் போனது.

என்ன பெரிய வேலை? கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு வரிகூட இல்லாத பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிற வேலைதான். மூன்று அறை வீட்டில் அவள் ஒருத்தி. போன் அடித்து ஓய்ந்த பிறகு வாய்விட்டு அழுவாள், கேட்கத்தான் ஆளில்லை.

ஆனால் மகள் பார்க்கவே இல்லை!

திறக்காத லிங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று புளுகியிருக்கிறாள், கழுதை. படிக்கவில்லை. படிக்காததால் வெறுக்கவும் இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் கூப்பிட்டது திட்டுவதற்கில்லை, சாப்பிட்டியா என்று கேட்பதற்கு.

அப்பாடா!

அவள் கையைத் தூக்கினாள். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடிந்ததும் மனசு மெல்லக் கணக்குப் போட்டது. மகளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பக்கத்தை அழிப்பது ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகிறது?

இடைவேளை விட்டார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஓரம் போய் நின்று மகளுக்குப் போன் செய்தாள். முதல் மணி முடிவதற்குள் மகள் எடுத்துவிட்டாள். நான் அனுப்பிய பக்கம் உனக்குத் திறக்கவே இல்லைதானே என்று அம்மா கேட்டாள்.



“திறக்கலம்மா. ஆசையா பண்ணியிருக்கியேன்னு பொய் சொல்லிட்டேன். அந்தக் கோபத்துலதானே போனை எடுக்கல? உன்கிட்டப் போய் மறைச்சிட்டேன், மன்னிச்சிரும்மா.”

மகள் விசும்பினாள். இத்தனூண்டு பொய்க்கு அவ்வளவு அழுகை.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, மடிப்பில் கிழிந்திருந்த ஒரு தாளை எடுத்தாள். மகள் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் தபாலில் வந்தது. அவள் விடுதிக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டுமே என்று பயந்து, உனக்கு ஒண்ணும் வரலடி என்று அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

“வெச்சிடாதடி. உனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு,” என்றாள்.

மூக்கைச் சிந்திக்கொண்டு, மகளின் பெயரிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எங்கள் கல்லூரியின் கணினிப் படிப்பில் தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.