பிணவறை டாக்டருக்கு ஒரு வரன்

"அந்த ஒரு வார்த்தை மட்டும் உன் வாயில வரக்கூடாது, சொல்லிட்டேன்!" வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடி துர்கா மகளை மிரட்டினாள்.

"எந்த வார்த்தைம்மா? போஸ்ட்மார்ட்டமா?"

"அடியேய்! டாக்டர்னு சொல்லு. அதோட நிறுத்து."

பூர்ணிமா சிரித்தாள். காலையிலிருந்தே அவளுக்குச் சிரிப்புதான்.

துர்காவின் பயம் நியாயமானது. மகள் விருத்தாசலத்தில் பிணப் பரிசோதனை செய்கிற டாக்டர் என்று தெரிந்ததும், முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். இன்று வரப்போகிற பிரவீன்குமார் நல்ல பையன். விருத்தாசலத்தில் சொந்தமாகப் பீங்கான் பொம்மைப் பட்டறை. அவர்களாகவே வலிய வந்து கேட்ட இடம். இதுவும் நழுவினால் துர்காவால் தாங்க முடியாது.

வேப்பூர் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா கனிமொழி பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்: "பேஷண்டுங்ககிட்ட நல்லாப் பேசுவியாம்மா?"

"நான் பேசுவேன் அத்தை. அவங்கதான் பதில் சொல்றதில்ல."

பிரவீன்குமாருக்குப் புரையேறியது. துர்கா மகளின் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பொணத்த அறுத்துப் பாக்குற டாக்டருன்னு சொன்னாங்களே, நெசமா?" கனிமொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

துர்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "அது... எப்பவாவதுதாங்க..."

"தெனமுந்தான் அத்தை," என்றாள் பூர்ணிமா. "சாவு வுழுந்த எடத்துக்கும் போவேன். ஊரு ஆயிரம் சொல்லும். எடத்தப் பாக்காம, ஒடம்பத் தொட்டுப் பாக்காம ஒரு கையெழுத்து போட மாட்டேன்."

போச்சு! மீதி பஜ்ஜியை யார் தலையில் கட்டுவது என்று துர்கா யோசிக்க ஆரம்பித்தாள். தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"தட்டு இருக்கட்டும் அத்தை," என்றான் பிரவீன்குமார். "போன மழையில எங்க பட்டறைல ஒருத்தன், குளுருதுன்னு சூளை ரூம்ல கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டுத் தூங்கிட்டான். பொகை ஏறி, பேச்சு மூச்சில்ல. செத்துட்டான்னு ஊரே கூடி அழுது, மாலையும் போட்டாச்சு. போலீஸோட வந்த உங்க பொண்ணு மட்டும் குனிஞ்சு நாடியப் புடிச்சுப் பாத்தாங்க. 'உசுரு இருக்குது, ஆம்புலன்ஸக் கூப்புடுங்க'ன்னு கத்தி, மாலையக் கழட்டி எறிஞ்சாங்க."

துர்கா பெருமையும் திகைப்புமாக மகளைப் பார்த்தாள். மகளோ தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, பொழச்சுக்கிட்டானா அந்தப் புள்ள?" என்றாள் துர்கா.

பிரவீன்குமார் வெட்கத்தோடு கழுத்தைத் தடவிக்கொண்டான். "உங்க எதிர்லதான் உக்காந்து பஜ்ஜி சாப்புடுறேன் அத்தை. ஊரு போட்ட மாலையக் கழட்டுனவங்களே பதிலுக்கு ஒண்ணு போட்டு வுடணும்ல, அதக் கேக்கத்தான் வந்தோம்."