துண்டுக்குள் கை

"அந்தப் பயலை இன்னைக்கே சந்தையை உட்டுத் தொரத்தோணுமுங்க!"

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகர் துரைசுவாமி போட்ட சத்தத்தில் எருமைகளே மிரண்டன.

மாட்டு விலையை அங்கே வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அடியில் கையைப் பிடித்து விரலால்தான் பேரம். துரைசுவாமியின் கையும் ஒரு வியாபாரியின் கையோடு துண்டுக்குள்தான் இருந்தது.

மூத்த தரகர் சென்னியப்பனும் எதிரே இருந்த வீரபாண்டியின் கையைத் துண்டுக்குள் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வீரபாண்டி வீட்டுச் செவலைக் காளைக்கு வாராவாரம் பேரம். படிந்தபாடில்லை என்று சந்தையே சிரிக்கும்.

"என்ன பண்ணுனான்?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்துப் பையனுங்க, சுவக்கீன்னு பேரு. இன்னொரு பையன் கையைப் புடிச்சுட்டுத் திரிஞ்சானாம். அப்பன் அடிச்சுத் தொரத்திப்போட்டான். நம்ம சந்தைக் கொட்டாயில வந்து படுத்துக்கறான். ஆம்பளைக்கு ஆம்பளை கையைப் புடிக்கறதா? தூ!"

சொல்லிக்கொண்டே வியாபாரியின் கையை இன்னும் இறுக்கினார். பேரம் முக்கியமல்லவா!

சுவக்கீன் துணிமூட்டையோடு வந்து நின்றான்.

"நெசமா?" என்றார் சென்னியப்பன்.

"நெசந்தான்யா. அவன்னா எனக்கு உசுரு. இங்கயும் இடமில்லன்னா நான் எங்க போவேன்?"

"கொழுப்பைப் பாத்தீங்களா? எமர்ஜென்சிங்க இது! போலீசுல ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"கொட்டாயில படுக்கறவனைத் தொரத்தக் கூடாதுன்னு இந்தச் சந்தையில ஒரு கட்டுப்பாடு இருக்கே, துரைசுவாமி?"

"தெரியாமங்களா? எளவட்டத்துல நீங்களும் வீரபாண்டி அண்ணனும் சந்தை வாசல்ல குறுக்க படுத்து, ஒரு மாட்டையும் உள்ள உடாம வாங்குன கட்டுப்பாடாச்சே! ஊரே பெருமையாப் பேசுது. ஆனா அது நல்ல சனத்துக்குங்க. இவனுக்கா?"

"அன்னைக்கு எங்களுக்கும் போக்கிடம் இல்ல. எங்களை ஊட்டை உட்டு எதுக்குத் தொரத்துனாங்கன்னு இத்தனை வருசத்துல ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?"

சென்னியப்பன், வீரபாண்டி இருவரின் கைகளையும் மூடியிருந்த துண்டையே துரைசுவாமி பார்த்தார்.

"தம்பி, உள்ள போய்ப் படு. எவன் வாரான்னு பாத்துக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

"ஏனுங்ணா..." துரைசுவாமி அந்தத் துண்டைக் காட்டினார். "இது அந்தச் செவலைக் காளைக்குப் பேரந்தானுங்களே?"

வீரபாண்டி கையை எடுக்காமலே சிரித்தார்.

"அது செத்து நாலு வருசமாச்சப்பா."