எட்டாவது சுற்று

தம்பியும் நானும் கோட்டை பிடிக்கும் சீட்டாட்டம் ஆடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் யார் எந்தச் சீட்டை இறக்கினோம் என்று கணினியில் பதிவது என் வேலை. அது வரைபடமாக விரியும். என் கோடு நீலம், அவனுடையது சிவப்பு. தோற்றவர் சாக்குச் சொல்ல அது உதவும், பெரும்பாலும் எனக்கு.

நேற்று சிவப்புக் கோடு தரைதட்டிக் கிடந்தது. எட்டாவது சுற்று, அவன் முறை. சீட்டுகளை மேசையில் கவிழ்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

இன்று அறுவை சிகிச்சை. அறுவை அரங்கின் வாசலில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் மடிக்கணினியைத் திறந்தேன். எட்டாவது சுற்றில் தம்பி இறக்கிய சீட்டு பதிவாகியிருந்தது: ‘கோட்டைக் காவலன்’. சிவப்பு மேலே ஏறியிருந்தது. கவிழ்த்த சீட்டுகளை நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஏதோ கைப்பிழை என்று அழித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறுபடி ஏறியது. இம்முறை நான் கைவைக்கவில்லை.

மாலையில் தம்பி கண் திறந்தான்.

“அக்கா, உனக்கு அறிவிருக்கா?”

“என்னடா?”

“காவலனை எதுக்கு அழிச்சே? ரெண்டாவது தடவை இறக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.”

நான் மடிக்கணினியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“முழிச்சிட்டு நிக்காதே. இப்போ உன் முறை.”