வலப்பக்கம் தள்ளிய கை

நந்தனத்தில் இருந்த அந்த அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு குற்றம் நடந்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு மனுக்களுக்கு யாரோ ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

வேறு இடமாக இருந்தால் இதைக் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கண்காணிப்பாளர் பஞ்சாட்சரத்தின் பிரிவில் ஒரு மனு மூன்று மாதமாவது ஊறினால்தான் அதற்கு மரியாதை. நடைபாதையில் கடை போடுகிறவர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கும் பிரிவு அது. ரேஷன் கார்டின் பின்பக்க நகல் இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புவது அவருக்குப் பிடித்த விஷயம். அப்படிப்பட்ட பிரிவிலிருந்து இரண்டே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அட்டை வாங்கி, பாண்டி பஜாரில் கம்பீரமாக வளையலும் வடிகட்டியும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எல்லார் பார்வையும் உதவியாளர் கோபால் மேல் திரும்பியது. ஒப்புதல் கொடுக்கும் செயலியைச் செய்தவன் அவன்தான். அவனுக்கு நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. திரையில் பெட்டிகளை இழுத்துப் பொருத்தினாலே செயலி தயார் என்று இரண்டு நாள் பயிற்சியில் சொன்னார்கள்; பொருத்தினான். மனு திரையில் வரும். விரலால் வலப்பக்கம் தள்ளினால் ஒப்புதல், இடப்பக்கம் தள்ளினால் திருப்பி அனுப்புதல். அவ்வளவுதான்.

இப்படிச் செய்யும் செயலிகளைப் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. கோபாலும் அதற்குக் கோப்பு வைத்தான். அது நான்கு மாதமாகப் பஞ்சாட்சரத்தின் மேசையிலேயே ஊறிக்கொண்டிருந்தது. அது வரும்போது வரட்டும், நீ ஆரம்பி என்று அவர் சொன்னது வெறும் வாய்வார்த்தை. காகிதத்தில் இல்லை.

ஆவணியில் அவனுக்கும் ஷீலாவுக்கும் கல்யாணம். அசோக் நகரில் மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது. சஸ்பெண்ட் ஆன மாப்பிள்ளைக்கு ஷீலாவின் அப்பா பெண் கொடுப்பாரா என்று கேண்டீன் காபி ஆறிப்போகும்வரை யோசித்துக்கொண்டிருந்தான்.

விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து அச்யுத் வந்தார். கணினிப் பாதுகாப்பு அதிகாரி, சின்ன வயது, பெரிய பை. ஒப்புதல் எல்லாம் பஞ்சாட்சரத்தின் டேப்லெட்டிலிருந்துதான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

பஞ்சாட்சரம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல, ஒரு மனு வந்த மாசமே அதுல நான் கையெழுத்து போட்டிருக்கேனா? யாரை வேணும்னாலும் கேளுங்க சார்."

கேட்டார். பிரிவே ஒரே குரலில் சாட்சி சொன்னது. பஞ்சாட்சரம் குற்றமற்றவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

டேப்லெட்டை அச்யுத் திருப்பிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுக்குக் கீழே பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்தது. அதுவும் தேவைப்படவில்லை. தினமும் பாஸ்வேர்டு கேட்கிறதே என்று பஞ்சாட்சரம் அலுத்துக்கொண்டதால், கேட்காதபடி கோபாலே மாற்றிக் கொடுத்திருந்தான்.

பிறகு அச்யுத் கோபாலிடம் சொன்னார். "எல்லாமே காலைல ஒன்பதுல இருந்து ஒன்பதரைக்குள்ள. ஒப்புதல் ஆன மனு ஒண்ணுலகூடத் தப்பு இல்ல. வெளி ஆள் மாதிரி தெரியல மிஸ்டர் கோபால்."

கோபாலுக்கு மண்டபத்து வாழைமரம் சாய்வது கண்ணில் தெரிந்தது.

மறுநாள் எட்டே முக்காலுக்கே மூவரும் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். பஞ்சாட்சரம் அந்த நேரத்தில் அலுவலகத்தைப் பார்ப்பது அதுவே முதல்முறை. இவ்வளவு வெளிச்சம் வருமா என்று வியந்துகொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது.

வந்தது கங்கம்மா. பத்தொன்பது வருஷமாக அந்தப் பிரிவைப் பெருக்கித் துடைக்கிறவள். ஜன்னலைத் துடைத்தாள். மேசையைத் துடைத்தாள். பிறகு டேப்லெட்டை எடுத்து, ஈரத்துணியால் இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஒரு மனு வலப்பக்கம் ஓடி மறைந்தது. இன்னொரு இழுப்பு. இன்னொரு மனு.

அச்யுத் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "துடைக்கற துணிதான் சார் உங்க ஹேக்கர்" என்று பஞ்சாட்சரத்தின் காதில் சொன்னார். "பாஸ்வேர்டு வச்சுட்டா முடிஞ்சுது. மிஸ்டர் கோபால், நீங்க போய்க் கல்யாணப் பத்திரிகை அடிங்க."

கோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. கங்கம்மா அக்காவுக்குக் கல்யாணப் புடவை ஒன்று எடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தான். பஞ்சாட்சரம் அவளை அதட்டுவதற்காகத் தொண்டையைச் செருமப் போனார்.

அப்போது கங்கம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சுருக்குப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, திரையில் இருந்த மனுவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "இன்னா நைனா, ரேஷன் கார்டு முன்பக்கம் மட்டும் வச்சிகீற, பின்பக்கம் எங்க கீது?" என்று முணுமுணுத்தபடி அதை இடப்பக்கம் தள்ளினாள்.